ஐரோப்பிய ஒன்றியம்: ஒரே கூட்டமைப்பில் ஏன் இத்தனை வகை உறுப்பினர்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டால் எல்லாவற்றிலும் சேர்ந்த மாதிரிதானே?

இல்லை. இன்று ஒன்றியத்தில் 27 நாடுகள் இருக்கின்றன. அவற்றில் யூரோ நாணயத்தைப் பயன்படுத்துபவை 21. கடைசியாகச் சேர்ந்தது பல்கேரியா, 2026 ஜனவரி 1 அன்று. எல்லையில் பாஸ்போர்ட் பார்க்காமல் விடும் ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள் உண்டு, ஆனால் அதில் ஒன்றிய உறுப்பினர்கள் 25தான். மீதி நான்கு நாடுகளான நார்வே, ஐஸ்லாந்து, ஸ்விட்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகியவை ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவை. மாண்டெனெக்ரோவும் கொசோவோவும் ஒன்றியத்தில் இல்லை, யூரோவுக்காக எந்த ஒப்பந்தமும் போடவில்லை, ஆனாலும் அங்கே கடைகளில் புழங்குவது யூரோதான். துருக்கி உறுப்பினர் அல்ல, ஆனால் 1996 முதல் ஒன்றியத்துடன் சுங்க ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் ‘சில நாடுகளுக்கு ஆர்வம் அதிகம், சிலவற்றுக்குக் குறைவு’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்த விளக்கம் போதாது. ஒரு நாடு எவ்வளவு ஆழமாகச் சேர்ந்திருக்கிறது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அந்த நாடு என்ன விரும்புகிறது, அதற்கு என்ன இயலும், மற்றவர்கள் அதை எவ்வளவு தூரம் உள்ளே விடுகிறார்கள். மூன்றாவதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். அதற்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

ஷெங்கன் விசா இருந்தால் ஐரோப்பா முழுக்கப் போகலாமா?

முடியாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அயர்லாந்து போகத் தனி விசா எடுக்க வேண்டும். பிரிட்டனுக்கும் தனி. ஆனால் ஒன்றியத்தில் இல்லாத ஸ்விட்சர்லாந்துக்கும் நார்வேக்கும் ஷெங்கன் விசா செல்லும். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாரிஸ் லா சப்பேலில் ஒரு கல்யாணம் என்றால் சூரிச்சிலிருந்தும் ஒஸ்லோவிலிருந்தும் வருபவர்கள் எல்லைச் சோதனை இல்லாமல் வந்துவிடுவார்கள். லண்டனிலிருந்து வரும் அண்ணன் குடும்பம் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் வர வேண்டும்.

இந்த வித்தியாசங்கள் எப்படித் தொடங்கின?

இரண்டு வழிகளில். முதலாவது, சிலர் மட்டும் முன்னே போனது. 1985 ஜூன் 14 அன்று லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தருகே மொசெல் ஆற்றில் ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன: பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். அப்போது ஒன்றியத்தின் முந்தைய வடிவமான ஐரோப்பிய சமூகத்தில் பத்து நாடுகள் இருந்தன. பத்தும் ஒத்துவரவில்லை. சரி, ஒத்துவருபவர்கள் தொடங்குவோம் என்று அந்த ஐவரும் சமூகத்தின் சட்டத்துக்கு வெளியே தனியாக ஒப்பந்தம் போட்டார்கள். சோதனைகள் உண்மையில் நிற்க 1995 ஆகிவிட்டது. அதன்பிறகுதான் அது ஒன்றியத்தின் சட்டத்துக்குள் வந்தது.

இரண்டாவது வழி, எல்லோரும் முன்னே போகும்போது ஒருவர் ‘நான் வரவில்லை’ என்றது. 1992 ஜூன் 2 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிப் பொது நாணயத்துக்கு வழிவகுக்கும் மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை டென்மார்க் மக்கள் பொதுவாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.7 சதவீதம், வாக்கு வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. ஆனால் உடன்படிக்கை நடைமுறைக்கு வர 12 நாடுகளும் ஏற்றாக வேண்டும். அதாவது ஒரு சின்ன நாட்டின் மயிரிழை முடிவு கண்டத்தின் திட்டத்தையே நிறுத்திவிடும் நிலை.

அந்த ஆண்டு டிசம்பரில் எடின்பரோவில் தலைவர்கள் கூடி டென்மார்க்குக்கு நான்கு விலக்குகள் கொடுத்தார்கள்: யூரோ, பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை. 1993 மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. 56.7 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். அன்றிரவு கோபன்ஹேகனின் நோரப்ரோ பகுதியில் கலவரம் வெடித்து, போலீஸ் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. ‘ஐரோப்பிய ஒருங்கிணைப்பு’ என்று நாம் படிக்கும் வறண்ட சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு கொதிப்பு இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஏன் டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் மட்டும் இத்தனை வாக்கெடுப்புகள்?

அவற்றின் அரசியலமைப்பு அப்படி. டென்மார்க்கில் இறையாண்மையின் ஒரு பகுதியை வெளி அமைப்புக்குக் கொடுக்க நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு ஆதரவு வேண்டும். இல்லையென்றால் மக்களிடம் போக வேண்டும். அயர்லாந்தில் 1987-இல் உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு பெரிய உடன்படிக்கைகள் எல்லாம் வாக்கெடுப்புக்கு வந்தன. ஒன்றியத்தின் விதிகளை மாற்றிய நீஸ் உடன்படிக்கையை 2001-லும் லிஸ்பன் உடன்படிக்கையை 2008-லும் ஐரிஷ் மக்கள் முதல் தடவை நிராகரித்து, சில உறுதிமொழிகள் கிடைத்த பிறகு ஏற்றார்கள்.

ஜெர்மனியில் இப்படி நாடு தழுவிய வாக்கெடுப்பு நடப்பதில்லை. யூரோ வந்தபோது டாய்ச் மார்க்கை விட மனமில்லாத ஜெர்மானியர்கள் ஏராளம், ஆனால் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆக, ஒரு நாடு ஆழமாகச் சேர்ந்திருப்பதை வைத்து அதன் மக்கள் எல்லோரும் ஆர்வமாக இருந்தார்கள் என்று முடிவு கட்டக் கூடாது.

யூரோவில் இல்லாததால் டென்மார்க் தன் இஷ்டப்படி வட்டியை வைத்துக்கொள்ள முடியுமா?

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி. முடியாது. டேனிஷ் குரோனா யூரோவோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு யூரோவுக்கு 7.46038 குரோனா என்பது மைய விகிதம். அதிலிருந்து மேலும் கீழும் 2.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நடைமுறையில் அதைவிட மிகக் குறுகிய இடைவெளிக்குள்தான் அசைகிறது. அதனால் பிராங்க்பர்ட்டில் ஐரோப்பிய மத்திய வங்கி வட்டியை மாற்றினால் கோபன்ஹேகனும் பெரும்பாலும் பின்னாலேயே மாற்றுகிறது.

2015 ஜனவரியில் இது வெட்டவெளிச்சமானது. அந்த மாதம் 15-ஆம் தேதி ஸ்விஸ் மத்திய வங்கி திடீரென்று தன் பிராங்குக்கு யூரோவுக்கு எதிராக வைத்திருந்த வரம்பைக் கைவிட்டது. அடுத்து டென்மார்க்கும் கைவிடும் என்று கணக்குப் போட்டு வெளிநாட்டுப் பணம் குரோனாவில் கொட்டியது. டேனிஷ் மத்திய வங்கி மூன்று வாரத்துக்குள் நான்கு தடவை வட்டியைக் குறைத்து மைனஸ் 0.75 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அரசு கடன் பத்திரம் வெளியிடுவதையே நிறுத்தி வைத்தது. பிடியை விடவில்லை, ஆனால் அதற்குக் கொடுத்த விலை இவ்வளவு.

அப்புறம் ஏன் சேராமல் இருக்கிறார்கள்? 2000-இல் கேட்டபோது 53.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தங்கள் நலத்திட்ட அரசும் தங்கள் பணமும் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்ற உணர்வு அதில் இருந்தது. கட்டை அவிழ்க்கும் உரிமை கையில் இருக்கிறது என்பது ஒரு நிம்மதி. பதிலுக்கு இழந்தது, பிராங்க்பர்ட்டில் வட்டியைத் தீர்மானிக்கும் மேசையில் ஓர் இடம். யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் முதலில் தனியாகக் கூடிப் பேசுவார்கள். டேனிஷ் அமைச்சருக்கு இடமுள்ள 27 பேர் கூட்டம் வழக்கமாக அதற்குப் பிறகுதான்.

ஸ்வீடனுக்கு விலக்கே கிடையாதே, அது எப்படி வெளியே நிற்கிறது?

ஒரு சந்து வழியாக. 1995-இல் சேர்ந்த ஸ்வீடனுக்கு யூரோவில் சேரும் கடமை உண்டு. ஆனால் யூரோவில் சேரும் முன், நாட்டின் நாணயத்தை யூரோவோடு ஒரு வரம்புக்குள் கட்டிவைக்கும் நாணய மாற்று விகித அமைப்பில் இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த அமைப்பில் எப்போது சேர்வது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். ஸ்வீடன் சேரவே இல்லை. நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே யூரோவும் இல்லை. 2003 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 55.9 சதவீதம் பேர் வேண்டாம் என்ற பிறகு யாரும் வற்புறுத்தவில்லை. போலந்து, செக் குடியரசு, ஹங்கேரி ஆகியவையும் இதே சந்தில்தான் நிற்கின்றன.

2000-இல் திறந்த ஓரெசுண்ட் பாலம் வழியாக ஸ்வீடனின் மால்மோவிலிருந்து கோபன்ஹேகனுக்கு ரயிலில் முக்கால் மணிநேரம்கூட ஆகாது. இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை என்று தினமும் போய்வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சம்பளம் டேனிஷ் குரோனாவில், வீட்டு வாடகை ஸ்வீடிஷ் குரோனாவில். டேனிஷ் குரோனா யூரோவோடு கட்டுண்டது, ஸ்வீடிஷ் குரோனா சந்தையில் மிதப்பது. ஸ்வீடிஷ் குரோனா சரிந்தால் இவர்களுக்கு லாபம், ஏறினால் நஷ்டம். இரண்டு நாடும் ஒன்றியத்தில்தான் இருக்கின்றன, இரண்டும் யூரோவுக்கு வெளியேதான் நிற்கின்றன, ஆனால் நிற்கிற இடம் வேறு வேறு.

அயர்லாந்து ஏன் ஷெங்கனில் இல்லை?

பிரிட்டனால். 1920-களிலிருந்தே இரண்டு நாட்டு மக்களும் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் தடையின்றிப் போய்வர ஓர் ஏற்பாடு உண்டு. பிரிட்டன் ஷெங்கனுக்கு வராது என்றானபின், அயர்லாந்து சேர்ந்திருந்தால் வடக்கு அயர்லாந்துடனான 500 கிலோமீட்டர் எல்லையில் சோதனைச் சாவடி போட வேண்டியிருக்கும். அந்த எல்லையில் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் சாலை குறுக்கிடுகிறது. ராணுவச் சாவடிகளையும் குண்டுவெடிப்புகளையும் பார்த்த மண் அது. 1998-இல் புனித வெள்ளி ஒப்பந்தத்தோடு வந்த அமைதி, எல்லையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியதில்தான் நிற்கிறது. இன்று அங்கே வண்டி ஓட்டிப் போகிறவருக்கு நாடு மாறியது தெரிவது, வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும்போதுதான். அயர்லாந்து யூரோவில் முதல் நாளிலிருந்தே இருக்கும் நாடு, ஒன்றியத்தின்மேல் அதற்கு வெறுப்பு எதுவும் இல்லை. ஷெங்கனில் அது ஒதுங்கி நிற்பதற்குக் காரணம் பூகோளமும் பக்கத்து நாடும்.

ஒதுங்குவது எல்லாம் விருப்பப்பட்டுத்தானா?

இங்கேதான் எனக்கு ஆதங்கம். ‘பல வேக ஐரோப்பா’ என்ற அழகான பெயருக்குள் இரண்டு வேறு வேறு விஷயங்களைப் போட்டு மூடிவிடுகிறார்கள். டென்மார்க் தானாக ஒதுங்கியது. ருமேனியாவும் பல்கேரியாவும் வாசலில் நிறுத்தப்பட்டன.

அவை 2007-இல் ஒன்றியத்தில் சேர்ந்தன. ஷெங்கனுக்கான தொழில்நுட்ப நிபந்தனைகளை நிறைவேற்றிவிட்டன என்று 2011-லேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் முடிவு ஒருமனதாக வேண்டும். ஊழல், நீதித்துறை என்று காரணம் காட்டி நெதர்லாந்து போன்ற நாடுகள் தடுத்தன. 2022 டிசம்பரில் குரோவேஷியாவை உள்ளே விட்ட அதே கூட்டத்தில், அகதிகள் வருகையைக் காரணம் காட்டி ஆஸ்திரியா இரண்டையும் தடுத்தது, நெதர்லாந்து பல்கேரியாவைத் தடுத்தது. விமான, கடல் வழிச் சோதனை 2024 மார்ச் கடைசியில்தான் நீங்கியது. தரை வழி 2025 ஜனவரி 1. பதினெட்டு ஆண்டுகள். அத்தனை காலமும் ஜூர்ஜுவுக்கும் ரூசேவுக்கும் நடுவே டான்யூப் பாலத்தின் இரு முனையிலும் லாரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தன. டிரைவரின் தூக்கம், தக்காளியின் ஆயுள், கம்பெனியின் டீசல் எல்லாம் அந்த வரிசையில் கரைந்தன.

2004-இல் சேர்ந்த கிழக்கு நாடுகளுக்கும் இதே கதை. அவர்களுடைய தொழிலாளர்களை முதல் நாளே திறந்த மனதோடு ஏற்றவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றுதான். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அனுமதிக்கப்பட்ட ஏழு ஆண்டுகளையும் முழுதாக எடுத்துக்கொண்டு 2011 மே மாதம்தான் கதவைத் திறந்தன. விவசாய மானியத்தில் போலந்து விவசாயிக்கு முதல் ஆண்டு ஒன்றியத்திலிருந்து ஒதுக்கப்பட்டது பழைய உறுப்பினர்களின் அளவில் நாலில் ஒரு பங்கு. முழுப் பங்காக உயரப் பத்து ஆண்டு அவகாசம் வைத்தார்கள்.

பணக்கார நாடு வேண்டாம் என்று சொன்னால் அதற்கு விலக்கு. ஏழை நாடு வேண்டும் என்று சொன்னால் அதற்குத் தவணை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது நியாயமில்லை.

நார்வேயும் ஸ்விட்சர்லாந்தும் எந்தக் கணக்கில் வரும்?

நார்வே மக்கள் 1972-லும் 1994-லும் ஒன்றியத்தில் சேர மறுத்தார்கள். மீன்வளத்தின் மீதான உரிமை, குளிர்ந்த மண்ணில் அரசு ஆதரவோடு நடக்கும் விவசாயம், எண்ணெய் வருமானம் மூன்றும் அதற்குப் பின்னால் இருந்தன. ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தம் மூலம் சரக்கு, சேவை, பணம், ஆட்கள் தடையின்றிப் போய்வரும் ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தையில் 1994 முதல் இருக்கிறார்கள். சந்தை விதிகளை ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் எழுதுகிறது, ஒஸ்லோ ஏற்கிறது. வாக்கு இல்லை, பணம் மட்டும் கட்ட வேண்டும். நார்வேயிலேயே இதை, சட்டம் ஃபேக்ஸில் வந்து இறங்குகிறது என்ற பொருளில், ‘ஃபேக்ஸ் ஜனநாயகம்’ என்று கசப்போடு சொல்வார்கள்.

ஸ்விட்சர்லாந்து அந்த ஒப்பந்தத்தையும் 1992 டிசம்பரில் 50.3 சதவீத வாக்கில் நிராகரித்து, துறைவாரியாக நூற்றுக்கும் மேற்பட்ட தனி ஒப்பந்தங்கள் போட்டுக்கொண்டது. 2014 பிப்ரவரியில் குடியேற்றத்துக்கு உச்சவரம்பு கேட்ட வாக்கெடுப்பு, மறுபடி அதே 50.3 சதவீதத்தில் வென்றது. சந்தை வேண்டும், ஆட்கள் வரக் கூடாது என்றால் எப்படி என்று ஒன்றியம் முறுக்கிக்கொண்டது. மாணவர் பரிமாற்றத் திட்டத்திலிருந்தும் ஆராய்ச்சி நிதித் திட்டத்திலிருந்தும் ஸ்விட்சர்லாந்து வெளியே தள்ளப்பட்டது. வாக்களித்தவர்கள் வேறு, அடிபட்டவர்கள் மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும்.

சில நாடுகள் மட்டும் சேர்ந்து முன்னே போக விதி இருக்கிறதா?

இருக்கிறது. குறைந்தது ஒன்பது நாடுகள் சேர்ந்தால் மற்றவர்களுக்காகக் காத்திருக்காமல் ஒன்றியத்தின் அமைப்புகளையே பயன்படுத்தி முன்னே போகலாம். இதை முதலில் பயன்படுத்தியது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில்: விவாகரத்து. வேறு வேறு நாட்டைச் சேர்ந்த கணவன் மனைவி பிரிந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்ற விதிக்கு ஸ்வீடன் ஒத்துக்கொள்ளவில்லை. தன் தாராளமான சட்டத்தை விட்டு வேறு நாட்டின் இறுக்கமான சட்டத்தைத் தன் நீதிமன்றம் பின்பற்ற வேண்டி வரும் என்பது அதன் பயம். 2010-இல் 14 நாடுகள் தாங்களே முன்னே போயின.

கண்டுபிடிப்புகளுக்கான பொதுக் காப்புரிமைத் திட்டத்தில் பிரச்சினை மொழி. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றுக்கும் இடம் கொடுத்து எங்கள் மொழியை விட்டால் எப்படி என்று ஸ்பெயினும் இத்தாலியும் வழக்குப் போட்டுத் தோற்றன. இத்தாலி பிறகு சேர்ந்துகொண்டது. ஸ்பெயின் இன்றும் வெளியே. 2023 ஜூனில் அந்தக் காப்புரிமை ஸ்பெயின் இல்லாமலே நடைமுறைக்கு வந்தது. மொழி உரிமைக்காகப் போராடிய வரலாறு உள்ள நமக்கு ஸ்பெயினின் பிடிவாதம் புரியாமல் போகாது.

எல்லாம் கைகூடுவதும் இல்லை. நிதிப் பரிவர்த்தனை வரிக்கு 11 நாடுகள் 2013-இல் அனுமதி வாங்கின. இன்றுவரை வரி வரவில்லை.

ஆட்சி மாறினால் ஆழமும் மாறுமா?

மாறும். ஒன்றியத்தின் பணத்தில் நடக்கும் மோசடிகளை விசாரிக்கும் ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2021-இல் 22 நாடுகளோடு பணி தொடங்கியது. போலந்து சேரவில்லை. 2023 கடைசியில் அங்கே ஆட்சி மாறியதும் சேர்ந்துவிட்டது. போர் வந்தாலும் மாறும். ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து மூன்று மாதம் கடந்ததுமே, 2022 ஜூன் 1 அன்று, டென்மார்க் மக்கள் தங்களுடைய பாதுகாப்பு விலக்கைத் தாங்களே தூக்கிப் போட்டார்கள். ஆதரவு 66.9 சதவீதம். முப்பது வருடமாக அசையாமல் இருந்தது அது.

இத்தனை விலக்குகள் கொடுத்தும் பிரிட்டன் ஏன் வெளியேறியது?

யூரோ வேண்டாம், ஷெங்கன் வேண்டாம், நீதித்துறையில் விரும்பியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று பிரிட்டன் கேட்டதெல்லாம் கிடைத்தது. 2016 பிப்ரவரியில் ‘மேலும் மேலும் நெருக்கமான ஒன்றியம்’ என்ற இலக்கிலிருந்துகூட விலக்கு தரச் சம்மதித்தார்கள். நான்கு மாதம் கழித்து 51.9 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். மக்களை உறுத்தியது ஆட்கள் தடையின்றி வந்து வேலை செய்யும் உரிமை. அது ஒற்றைச் சந்தையின் அடித்தளம், அதில் மட்டும் ஒன்றியம் நிரந்தர விலக்குக் கொடுக்காது. வேண்டாதவற்றில் எல்லாம் விலக்குக் கிடைத்தது, உண்மையில் கேட்க நினைத்ததில் கிடைக்கவில்லை.

வெளியேறிய பிறகும் வடக்கு அயர்லாந்து சரக்குகள் விஷயத்தில் ஒன்றியத்தின் விதிகள் பலவற்றைப் பின்பற்றுகிறது. எல்லையில் சாவடி வரக் கூடாது என்பதற்காக.

ஆசியாவில் இப்படி ஏதாவது உண்டா?

தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் சின்ன அளவில் உண்டு. 2007-இல் கையெழுத்தான அதன் சாசனம், பொருளாதார விஷயங்களில் ஒருமனதாக ஒப்புக்கொண்டால் சில நாடுகள் பிறகு சேரலாம் என்று இடம் கொடுக்கிறது. ஆனால் அங்கே இறையாண்மையைப் பெரிதாக யாரும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதால் விலக்குக் கேட்கவேண்டிய தேவையும் குறைவு.

புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு என்ன ஆகும்?

கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எடுப்பது என்பதுதான் இப்போதைய பேச்சு. உறுப்பினராகும் முன்பே சில சலுகைகள் தருகிறார்கள். 2026 ஜனவரி முதல் உக்ரைன், மால்டோவா செல்போன்கள் ஒன்றிய நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் வேலை செய்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் வாசலிலேயே நிரந்தரமாக உட்கார வைப்பதற்கு இது சாக்காகிவிடக் கூடாது.

வடக்கு மாசிடோனியாவைப் பாருங்கள். 2005-இல் வேட்பாளர் நாடானது. ‘மாசிடோனியா’ என்ற பெயர் பிடிக்கவில்லை என்று கிரீஸ் தடுத்தது. 2019-இல் நாட்டின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு பிரான்ஸ் தடுத்தது. அடுத்த ஆண்டு மொழியையும் வரலாற்றையும் காரணம் காட்டி பல்கேரியா தடுத்தது. 2022-இல் பேச்சுவார்த்தை பெயரளவில் தொடங்கியது, ஆனால் மேலே போக வேண்டுமானால் அரசியலமைப்பைத் திருத்தி பல்கேரியர்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. திருத்துவதற்கான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தலைநகர் ஸ்கோப்யேயில் உள்ள நாடாளுமன்றத்தில் இன்னும் கிடைக்கவில்லை.